தேன்குரலாரும் ஃபேன்காரரும்

பாட்டு டீச்சருக்குக் காது என்றால் அப்படியொரு காது. மாடி வகுப்பில் எவனாவது பெஞ்சில் தாளம் தட்டினால், கீழே நடந்துகொண்டே "அரை தட்டு விட்டுட்டான் பாரு" என்பார். அந்தக் காதை வைத்துத்தான் இத்தனை வருஷம் அவர் பிழைப்பு ஓடியது. அதே காது அவரை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் மூக்கறுபட வைக்கும் என்று யார் கண்டது!

விஷயம் இதுதான். அறிவியல் டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டார். பதிலுக்கு ஆள் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஒருநாள் காலையில் தலைமையாசிரியை பாட்டு டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏழாம் வகுப்பு சயின்ஸ நீங்க பாத்துக்குங்க."

"நானா? மேடம், படிக்கிற காலத்துலயே எனக்கும் சயின்ஸுக்கும் ஏழாம் பொருத்தம்."

"புத்தகம் இருக்கு. போதலைன்னா நெட்ல பாருங்க. இப்போ எல்லாந்தான் அதுல கிடைக்குதே." தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்து வருவது நல்ல சேதியாக இருக்காது என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். "இன்னொரு விஷயம். மியூசிக் ரூம கம்ப்யூட்டர் ரூமாக்கலாம்னு நிர்வாகத்துல சொல்றாங்க. பாட்டு டீச்சரால பள்ளிக்கூடத்துக்கு என்ன பிரயோஜனம்னு கேக்குறாங்க. நான் ஏதாவது பதில் சொல்லணும்ல? மாசக் கடைசியில உங்க சயின்ஸ் கிளாஸ்ல வந்து உக்காருறேன். நல்லா போச்சுன்னா, அதை வெச்சு நான் பேசிப் பாக்குறேன்."

டீச்சருக்கு அந்த அறை சும்மா வந்ததா? நடைபாதைக் கோடியில் உடைந்த மேசைகள் குவிந்து கிடந்த இடம் அது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, பிள்ளைகளை விட்டு வீடு வீடாக அட்டை முட்டைத் தட்டு சேகரித்து, வெளிச்சத்தம் உள்ளே வராதபடி சுவர் முழுக்க ஒட்டி, தரையில் பாய் விரித்து, கனத்த திரை போட்டு ஆக்கி வைத்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு போக விடுவதா? சயின்ஸ் என்ன, சர்க்கஸே ஆனாலும் நடத்திவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் கைகொடுக்க ஒரு ஆள் இருந்தான். மாடியில் குடியிருக்கும் கொழுந்தன். பார்சல் கம்பெனியில் வேலை, மீதி நேரமெல்லாம் செல்போன். அண்ணி கேட்டதும் பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணி, சயின்ஸுக்கு நெட்ல வீடியோ கொட்டிக் கிடக்கு. நான் ஒவ்வொண்ணா போடுறேன், உங்களுக்கு எது பிடிக்குதுன்னு பாருங்க."

சமையலறை மேசையில் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்து ஆரம்பித்தான். டீச்சர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"வேணாம்டா, மூக்கால பேசுறான்."

"அடுத்தது."

"இந்தம்மா மூச்சே விடமாட்டேங்குது. எனக்கு மூச்சு முட்டுது."

அடுத்து வந்தவர் ஒரு வயசாளி. மேசை முன்னால் நின்றிருந்தார். மேலே ஒரு ஃபேன் கடகடகடவென்று ஓடியது. மனுஷன் ஒரு வரிக்கு இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தார். "போன வாரம் நான் சொன்னதுல ஒரு தப்பு, அதை முதல்ல..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், டீச்சர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ நிறுத்துடா! பேச ஆரம்பிக்கும்போதே தப்புங்கிறான். ஒரு ஃபேனுக்கு எண்ணெய் விடத் துப்பில்லாதவன் எனக்குப் பாடம் சொல்லப் போறானா?"

அப்புறம் வந்தார் ஒருவர். அடடா! பின்னால் மெல்ல ஒரு புல்லாங்குழல். குரலா அது, தேன். ஒவ்வொரு சொல்லும் சுருதி பிசகாமல் வந்து உட்கார்ந்தது. "அன்பு நண்பர்களே, காற்று என்பது ஒரு கவிதை" என்றார். நறுக்கிய காய் நறுக்கியபடி கிடக்க, டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

"இவருதாண்டா. இவரை விட்டுடாதே."

தேன்குரலார் என்று பெயரும் வைத்தாயிற்று. லட்சக்கணக்கில் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள் என்று கொழுந்தன் வேறு எடுத்துக் கொடுத்தான். அதற்கு மேல் என்ன வேண்டும்?

காற்றைப் பற்றிய பாடத்தில் தேன்குரலார் ஒரு சோதனை காட்டியிருந்தார். தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்ப்பது. சுடர் அணைகிறது, தண்ணீர் ஜாடிக்குள் ஏறுகிறது. டீச்சர் தட்டும் ஜாடியுமாக ஏழாம் வகுப்புக்குள் போய், அதே குழைவோடு "காற்று என்பது ஒரு கவிதை" என்று தொடங்கினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜாடியைக் கவிழ்த்தார். அப்போது எங்கேயோ 'களுக்' என்று ஒரு சத்தம்.

"யாரது, நான் பாடம் நடத்தும்போது தண்ணி குடிக்கிறது?" என்று ஒரு அதட்டு போட்டார். எல்லாரும் முழித்தார்கள். சுடர் அணைந்தது, தண்ணீர் ஏறியது, கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"பாத்தீங்களா? நெருப்பு உள்ள இருந்த ஆக்சிஜனச் சாப்பிட்டுடுச்சு. காலியான இடத்துக்குத் தண்ணி ஏறிடுச்சு. அவ்வளவுதான் சயின்ஸ்."

மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் 'ஆனா' என்றே பெயர். எதைச் சொன்னாலும் "ஆனா டீச்சர்..." என்றுதான் ஆரம்பிப்பாள்.

"ஆனா டீச்சர், ரெண்டு மெழுகுவத்தி வெச்சா?"

"அதே ஜாடி, அதே ஆக்சிஜன். அதே அளவுதான் ஏறும்."

"வெச்சுப் பாக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கைதட்டல் மயக்கம், வைத்தார். தண்ணீர் முன்னைவிட நன்றாக மேலே ஏறி நின்றது. குருடனுக்கும் தெரியும், அவ்வளவு வித்தியாசம்.

"ஆனா டீச்சர், ரெண்டாவது மெழுகுவத்தி வரும்போதே கையில ஆக்சிஜன் கொண்டு வந்துச்சா?"

வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. டீச்சருக்கு முகம் தொங்கிப்போனது. "அதை அடுத்த கிளாஸ்ல பாப்போம்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தலைமையாசிரியை வந்து உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஆனால்? அறை போச்சு, பாட்டும் போச்சு என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தேன்குரலாரின் வீடியோவுக்குக் கீழே எழுதிப் போட்டார். 'ஐயா, இரண்டு மெழுகுவத்தி வைத்தால் தண்ணீர் ஏன் அதிகமாக ஏறுகிறது?' கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கும்பிடும் கை, ஒரு பூ, 'உங்கள் அன்புக்கு நன்றி'. இன்னொரு தரம் கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை. கேட்ட கேள்வியையே காணோம், அழித்துவிட்டார்கள்.

"அட பாவி! தேன் ஒழுகப் பேசுறவன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லமாட்டானா?"

கொழுந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஆள் தேடுனது பாட்டுக்கா, பாடத்துக்கா?"

டீச்சர் முறைத்தார். அவன் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

"இப்போ ஒண்ணு பண்ணுவோம். சத்தத்தை அணைச்சிட்டு எல்லாரையும் திரும்பப் பாப்போம்."

சத்தம் இல்லாமல் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. தேன்குரலார் சூரியன் மறைவதைக் காட்டினார், கடலைக் காட்டினார், தன் புன்னகையைக் காட்டினார். ஜாடியைக் கவிழ்ப்பதைக் காட்டியவர், அடுத்த நொடியே ஏறி முடித்த தண்ணீரைக் காட்டினார். நடுவில் நடந்ததை வெட்டிவிட்டிருந்தார். அந்த ஃபேன்காரரோ தன் முகத்தையே சரியாகக் காட்டவில்லை. இரண்டு கை, ஒரு மேசை, ஒரு பாத்திரம். எதையும் வெட்டவில்லை. ஒரு சோதனை சொதப்பியது, தலையைச் சொறிந்தார், துடைத்துவிட்டுத் திரும்பச் செய்தார். திரும்பவும் சொதப்பியது. ஏன் சொதப்பியது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சத்தத்தை வைடா."

ஃபேன் கடகடத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மனுஷன் ஒவ்வொரு முறையும் போன முறை செய்த தப்பைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். யார் கண்டுபிடித்துச் சொன்னார்களோ அவர்களுக்கு நன்றியும் சொன்னார். 'நான் சொல்றேன்னு நம்பாதீங்க, நீங்களே செஞ்சு பாருங்க' என்றார். கேட்கக் கேட்க ஃபேன் சத்தம் எங்கோ போய்விட்டது.

ஃபேன்காரருக்கும் அதே கேள்வியை எழுதினார் டீச்சர். மறுநாள் பதில் வந்தது. 'நல்ல கேள்வி. பலரும் தப்பாகச் சொல்லும் சோதனை இது. தண்ணீர் எப்போது ஏறியது, எரியும்போதா, அணைந்த பிறகா? ஜாடியைக் கவிழ்த்த உடனே விளிம்பில் குமிழி வந்ததா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.'

"கேள்வி கேட்டா கேள்வியைத் திருப்பி அடிக்கிறாரே மனுஷன்! குமிழியாம், நான் எங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். களுக்! தண்ணீர் குடித்த சத்தம்! அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் தண்ணீர் குடிக்கவில்லை. "டேய், அந்த ஜாடியை எடு!"

சமையலறையிலேயே கடை விரித்தார்கள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று மெழுகுவத்தி. எட்டிப் பார்க்கப்போய்க் கொழுந்தனின் மீசை நுனி பொசுங்கியது. டீச்சர் அதைக் கவனிக்கவே இல்லை, காதைத் தட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார். களுக், களுக். சுடரின் சூட்டில் காற்று விரிந்து, கொஞ்சம் விளிம்பு வழியாக வெளியே ஓடுகிறது. எரிந்துகொண்டிருக்கும்வரை தண்ணீர் பெரிதாக அசையவில்லை. சுடர் அணைந்து உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கும்போதுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. மெழுகுவத்தி கூடினால் சூடு கூடும், வெளியே ஓடும் காற்றும் கூடும், ஏறும் தண்ணீரும் கூடும். டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டிக் குதித்தார்.

மாசக் கடைசி வந்தது. ஏழாம் வகுப்பு விளையாட்டு மைதானத்தை ஒட்டி இருந்தது. அன்றைக்கென்று பக்கத்தில் சாலையைத் தோண்டும் இரைச்சல் வேறு. அங்கே குமிழி எங்கே கேட்பது! டீச்சர் பிள்ளைகளை வரிசையாக மியூசிக் ரூமுக்கு அழைத்துப்போனார். தலைமையாசிரியையும் ஒரு நாற்காலியோடு பின்னாலேயே வந்தார்.

"போன தடவை நான் சொன்னது தப்பு," என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார் டீச்சர். "நம்ம ஆனா கேட்ட கேள்விதான் சரி. இப்போ மூணு மெழுகுவத்தி. கதவைச் சாத்துங்க. சுருதி கேக்கும்போது எப்படி உக்காருவோமோ அப்படி உக்காருங்க."

அறை அடங்கியது. ஜாடி கவிழ்ந்தது. களுக். இன்னொரு களுக்.

"டீச்சர், காத்து வெளிய போகுது!" என்று ஆனா கத்தினாள். அந்த வாய் 'ஆனா' இல்லாமல் பேசியது அன்றைக்குத்தான். மற்றதைப் பிள்ளைகளே பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் சூடு என்றான், ஒருத்தி இல்லை குளிர்ச்சி என்றாள், சண்டை போட்டு, தண்ணீர் ஏறியதைப் பார்த்து, இரண்டுந்தான் என்று சமாதானம் ஆனார்கள். டீச்சர் அதிகம் பேசவே இல்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் தலைமையாசிரியை எழுந்து வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம்! உங்களுக்குள்ள இப்படி ஒரு சயின்ஸ் டீச்சர் இருக்கிறது தெரியாமப் போச்சே. இனிமே நீங்க சயின்ஸே எடுத்துடுங்க. உங்க வேலைக்கு ஒரு குறையும் வராது. இந்த ரூமைத்தான் கேக்குறாங்களே, நிம்மதியா குடுத்துடலாம்."

டீச்சருக்குத் தலையில் இடி விழுந்தது. விழுந்து விழுந்து படித்தது இதற்கா? எதைக் காப்பாற்றத் தீக்குச்சி கிழித்தாரோ, அதையே பறிகொடுப்பதா? அழுகை வந்தது. அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"மேடம், அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"ஏழாம் வகுப்புல கேட்டிருக்குமா? சாலை தோண்டுறான், பந்து சுவத்துல வந்து மோதுது. இந்த ரூமாலதான் கேட்டுச்சு. சரி, இத்தனை பிள்ளைங்க மூச்சுக் காட்டாம உக்காந்து காது குடுத்துச்சே, அது எங்க பழகினது? இங்க, இந்தப் பாயில! கேளு கேளுன்னு நான் கத்திக் கத்திப் பழக்கினது. பாட்டை எடுத்துட்டா அந்தக் காதும் போயிடும். சயின்ஸ் வேணும்னா நான் எடுக்கிறேன், சந்தோஷமா எடுக்கிறேன். ஆனா ரூமும் போகக்கூடாது, பாட்டும் போகக்கூடாது!"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் கத்திக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தலைமையாசிரியை சுவரில் இருந்த முட்டைத் தட்டுகளைப் பார்த்தார். கதவு வரைக்கும் போனார்.

"கம்ப்யூட்டரை ஆபீஸ் பக்கத்து ஸ்டோர் ரூம்ல போட்டுக்கச் சொல்றேன்," என்றார் தலைமையாசிரியை, திரும்பாமலே. "ஏன்னு கேட்டா, அவங்களையும் இங்க கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிறேன்."

போய்விடுவார் என்று பார்த்தால், கதவைச் சாத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் முட்டி போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார்.

"இன்னொரு தடவை கவுத்துங்க. பிள்ளைங்க மூணு களுக்குங்கிறாங்க. எனக்கு ரெண்டுதான் கேட்டுச்சு. இது எதனால..."

"உஷ்!" என்று அதட்டினார் பாட்டு டீச்சர். "பேசாம கேளுங்க மேடம்."