முற்பகல்

மரியசூசையின் உடலுக்கு வேட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பைத் தூக்கிப் பிடிக்க ஒரே ஆள் போதுமாக இருந்தது. கிட்னி கெட்டுப்போன ஆறு மாதத்தில் அவ்வளவு இளைத்துவிட்டிருந்தான். தங்கை பாக்கியமேரி, அவன் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டையை மடிப்புப் பிரித்து நீட்டினாள். அவன் பெண்டாட்டி மிக்கேலம்மாள் அதை வாங்கவில்லை. பெட்டியிலிருந்து கல்யாணச் சட்டையை எடுத்து மற்றவர்களிடம் கொடுத்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாததில் தப்பும் இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை காலை, புருஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தபோது, பாக்கியமேரி தலை சீவிக் குடையை எடுத்துக்கொண்டு எட்டே முக்கால் பஸ்ஸில் அரூருக்குப் போனாள். எதற்குப் போனாள்? அவன் வேலையில் போய் உட்காருவதற்கு.

மரியசூசை அரூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் ஒன்பது வருஷமாக டைப்பிஸ்ட். ஒன்பது வருஷமும் டெம்பரரி. அரசாங்க விதிகளில் பத்து ஏ ஒன்று என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் எடுத்த ஆளை, சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறிய ஆள் வந்து சேரும்வரை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆள் வந்துவிட்டால் இவன் எழுந்துகொள்ள வேண்டும். ஆபீசில் அவனுக்குப் பெயரே 'பத்து ஏ ஒண்ணு' என்று ஆகிவிட்டது. புதிதாக யார் படியேறினாலும் அவன் விரல் டைப் மெஷின்மேல் அப்படியே நின்றுவிடும். வந்தவர் பட்டா விஷயமாக வந்திருப்பார். அது தெரிந்தபிறகுதான் அடுத்த எழுத்து விழும். இப்படி ஒரு பிழைப்பு.

கமிஷன் இவனைப் போன்றவர்களுக்கென்றே தனிப் பரீட்சை வைத்தது. இரண்டு தடவையும் இங்கிலீஷில் போயிற்று. தங்கை பொதுப் பரீட்சை எழுதினாள், முதல் தடவையே தேறினாள். ஆர்டர் வந்ததைப் பிரித்துப் பார்த்தால் அதே ஆபீஸ். அங்கே டெம்பரரி ஆள் அவன் ஒருவன்தான்.

"நான் சேரலைண்ணா" என்று அழுதாள்.

"பைத்தியமாடி உனக்கு? லிஸ்ட்ல இருந்து பேரு போனா போனதுதான். எவனோ வந்து என்னை எழுப்புறதுக்கு நீயே வந்து எழுப்பு." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னான்: "பத்தாம் தேதி கடைசி. காலையிலயே போயிரு. முற்பகல்னு எழுது. பிற்பகல்னு எழுதினா ஒரு நாள் போயிரும், உனக்குப் பின்னாடி வர்றவன் சீனியர் ஆயிருவான்."

ஒன்பது வருஷம் சீனியாரிட்டியே இல்லாமல் கிடந்தவனுக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது. பாக்கியமேரி பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டாள். முற்பகல் என்று திருத்தமாக எழுதினாள். உடனே பஸ் பிடித்துத் திரும்பிவந்து ரோட்டில் இறங்கியபோது கோயிலில் துக்க மணி அடித்தது. மணி பதினொன்றே கால்.

இன்று இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. ஹெட்கிளார்க் ராஜாமணி மாலையோடு வந்தார். காலடியில் வைத்துவிட்டு, கும்பிட்டு, பந்தல் ஓரத்தில் நின்றிருந்த பாக்கியமேரியிடம் வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் முப்பது வருஷம் ஆபீஸ் ஃபைலோடு இருந்தவருக்குத் துக்கம் விசாரிக்கவும் ஃபைல் மொழிதான் வந்தது.

"உங்க அண்ணி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் தானேம்மா?"

"ஆமாங்க சார்."

"ராத்திரியெல்லாம் அதுதான் யோசனை. வேலையில இருக்கறப்ப செத்தா, டெம்பரரியானாலும் சம்சாரத்துக்கு வாரிசு வேலைக்கு எழுதலாம். நான் நின்னு வாங்கிக் குடுத்திருப்பேன். ஆனா நீ முற்பகல்ல சேந்துட்ட. நீ சேந்த கடுதாசியும் அவரை விடுவிச்ச ஆர்டரும் நேத்தே தர்மபுரிக்குத் தபால்ல போயிருச்சு. உயிர் போறப்ப அவரு சர்க்கார் ஆளே இல்லம்மா." கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "சொல்லக்கூடாது. ஒரு மூணு மணி நேரம் முன்னாடி போயிருந்தாருன்னா தேவலை."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. "மன்னிச்சிரும்மா" என்று நகர்ந்துபோய் ஆம்பிளைகள் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பாக்கியமேரிக்கு முதலில் அவர்மேல் கோபம் வந்தது. பிறகு அண்ணன்மேல் வந்தது. முற்பகல், முற்பகல் என்று உயிரை வாங்கினானே! மத்தியானம் போயிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? அண்ணிக்கு ஒரு வேலை இருந்திருக்கும். போர்டிங்கிலிருந்து ராத்திரி வந்து சேர்ந்த அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் மேலே படித்திருப்பார்கள். அவளுக்கு அழக்கூட அலுப்பாக இருந்தது. இரண்டு ராத்திரி தூங்காத கண் எரிந்தது.

சவப்பெட்டி வந்து இறங்கிய நேரத்தில் வி.ஏ.ஓ. தீர்த்தகிரி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். நல்லம்பள்ளிக்காரர். பழைய கணக்குப்பிள்ளைகளையெல்லாம் எடுத்துவிட்டு, கமிஷன் பரீட்சை வைத்துப் போட்ட புது ஆள். இறப்புப் பதிவேட்டை முழங்காலில் விரித்துக்கொண்டார்.

"பேரு மரியசூசை. வயசு?"

"முப்பத்தெட்டுங்க" என்றார் கோயில் உபதேசியார்.

"வூட்லதானே இறந்தாரு? கூட யாருங்க இருந்தது?"

எல்லாரும் மிக்கேலம்மாளைப் பார்த்தார்கள். நேற்று ஊரே கடலை பறிக்கக் காட்டுக்குப் போயிருந்தது. அவன் பக்கத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"நேரம் சொல்லுங்கம்மா. எத்தனை மணிக்கு?"

அண்ணி வாயைத் திறக்குமுன் பாக்கியமேரி சொன்னாள்: "காலையில எட்டு மணிக்குங்க."

பேனா பேப்பரைத் தொட்டு நின்றது. தூரத்து நாற்காலியில் ராஜாமணி மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"என்னம்மா சொல்ற?" உபதேசியார் எழுந்தே விட்டார். "நான் மணி அடிச்சது பதினொண்ணே காலுக்கு. மிக்கேலம்மா அப்பத்தானே ஓடியாந்து சொன்னாங்க?"

"நான்தான் யாருக்கும் சொல்ல வேணாம்னேன். எனக்கு நேத்து கடைசி நாளு. சாவு தெரிஞ்சா ஊரு என்னை விடாது. நான் ஆபீஸ் போய்ச் சேந்துட்டு வர்ற வரைக்கும் அண்ணியை வாயைத் தொறக்கக் கூடாதுன்னுட்டுத்தான் போனேன்."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அத்தை ரோசம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தாள். "அடிப் பாவி! பொணத்தை வூட்ல போட்டுட்டா ஓடுன? கூடப் பொறந்தவன் ஒடம்பு ஆறுறதுக்குள்ள அவன் நாற்காலி கேட்டுச்சா உனக்கு? எங்கண்ணனுக்கு நீ எப்பிடிடி வந்து பொறந்த?"

தீர்த்தகிரி சங்கடத்தோடு மிக்கேலம்மாளைப் பார்த்தார். "நீங்கதானம்மா கூட இருந்தீங்க. நீங்க சொன்னாத்தான் எழுதுவேன். இவங்க சொல்றது சரிதானுங்களா?"

மிக்கேலம்மாளும் நாத்தனாரைப் பார்த்தாள். நேற்றிலிருந்து இப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அவள் பார்வை ராஜாமணியிடம் போயிற்று. அவர் தரையைப் பார்த்தபடி, தலையை மட்டும் ஒருமுறை லேசாக அசைத்தார். அண்ணி மறுபடி பாக்கியமேரியைப் பார்த்தாள். ஆமாம் என்றால் என்ன கிடைக்கும் என்பது அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. யாருக்கு என்ன போகும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

"ஆமாங்க" என்றாள். "எட்டு மணிதானுங்க."

"தொழில்?"

"சர்க்கார் வேலைங்க" என்றாள் பாக்கியமேரி.

"சாகறப்பவும் வேலையில இருந்தாருங்களா?"

"இருந்தாருங்க."

தீர்த்தகிரி எழுதினார். ரோசம்மாள் மண்ணை வாரித் தூற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினாள். இப்போது அதில் பாதி செத்தவனுக்கு, பாதி இவளுக்கு.

பெட்டியைத் தூக்கினார்கள். கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் பாக்கியமேரி தனியாகத்தான் நடந்தாள். கூட நடக்கிற பெண்கள் ஒன்று முந்தினார்கள், இல்லாவிட்டால் பின்தங்கினார்கள். குழியில் மண் போடும்போது அவள் முறை வந்ததும் முன்னால் நின்றவர்கள் தேவைக்கு அதிகமாகவே விலகினார்கள். ராஜாமணி அவளைத் தாண்டிப் போகையில் ஒரு கணம் நின்று, "திங்கக்கெழமை நானே அண்ணிக்கு மனு எழுதறேம்மா" என்று கால் விரலைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள். திங்கட்கிழமை அவளும் அங்கே போகவேண்டும்.

பொழுது இறங்கும்போது அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் ரசமும் வந்தன. பெண்கள் வரிசையாக இலை போட்டார்கள். அவளுக்குப் போடவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அடுப்படியில் போய் விறகுக் கட்டுமேல் உட்கார்ந்துகொண்டாள். ஊரில் எல்லாரும் சொல்வதை நாளாவட்டத்தில் தானே நம்பிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மிக்கேலம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, பக்கத்துச் சுவருக்குக்கூடக் கேட்காத குரலில் ஆரம்பித்தாள்.

"நீ போனப்புறம் ஒம்போது மணிக்குக் கண்ணைத் தொறந்தாருடி. தலையாணியை ஒசத்தி வைன்னாரு. வச்சேன்."

பாக்கியமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுப்புல பச்சக் கடலை வெந்துக்கிட்டு இருந்துச்சு. வாசனை வருது, ரெண்டு குடுன்னாரு. உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருன்னுட்டு நான் குடுக்கலை." அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். "குடுத்திருக்கலாம்."

"அப்புறம் அண்ணி?"

"பத்தரை இருக்கும். அவராவே சிரிச்சாரு. என்னாங்கன்னு கேட்டேன். இந்நேரம் ராஜாமணி அவளை என் சேர்ல உக்கார வச்சிருப்பாரு, அதுல ஒரு காலு ஆடும், சொல்ல மறந்துட்டேன், விழுந்து கிழுந்து வைக்கப் போறான்னாரு."

பாக்கியமேரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஆடுச்சு அண்ணி" என்றாள். "நான் மேசையைப் புடிச்சிக்கிட்டேன்."

மிக்கேலம்மாள் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, பதினொன்றே கால் வரைக்கும் நடந்ததை மேலே சொன்னாள்.