மார்பை இறுக்கிய கை

வசுமதிக்கு உமாபதியைப் பழிவாங்க வேண்டும். ஒரு வருஷமாக அவளுக்கு வேறு பிரார்த்தனையே கிடையாது.

டொராண்டோவை அடுத்த பிக்கரிங்குக்கு வடக்கே இருந்த ஒரு பறவைச் சரணாலயத்தில், கிரவுஸ் என்னும் காட்டுக்கோழிகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். டொராண்டோவில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த இவர்கள் இருவருக்கும் எழுபத்து மூன்றில் அங்கே வேலை கிடைத்தது. கோயமுத்தூர் உமாபதி படிப்பில் சீனியர். கும்பகோணத்து வசுமதி புதிது. முதல் வாரமே, உமாபதி ஊரில் கோழியை அமுக்குகிற மாதிரி ஒரு கிரவுஸை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். மார்பு விரிந்தால்தானே பறவைக்கு மூச்சு? செத்துப்போனது. "வசுமதி கையில் செத்தது" என்று அதிகாரி ஹார்ட்லியிடம் கூசாமல் சொன்னான்.

அன்றிலிருந்து அவள் பறவையைத் தொடக்கூடாது. கிழிந்த கூண்டுவலையைப் பழைய வேலிக்கம்பியால் தைப்பதுதான் வேலை. உமாபதியோ பிடியை மாற்றிக்கொள்ளவே இல்லை. பழியைத் தள்ளிவிட்டவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? வளையம் மாட்டக் கண்மூடித் திறக்கும் நேரம்தான் ஆகும் என்பதால் அவன் தப்பித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், அவ்வளவு பணப்பஞ்சம். யார் என்பதை, அந்தப் பருவத்தின் கடைசி நாளான அன்றைக்கு ஹார்ட்லி முடிவு செய்வார்.

உமாபதி கோழியைப் பிடித்துக்கொண்டான். ஹார்ட்லி குனிந்து வளையத்தை மூடப் பார்த்தார். இருந்தது ஒரே குறடு, அதுவும் துருப்பிடித்தது. வழுக்கிக்கொண்டே இருந்தது. கோழியின் காலையே பார்த்துக்கொண்டிருந்த அவர் அதன் தலையைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற வசுமதி பார்த்தாள். அலகு பிளந்தது. கண் சொருகியது.

சாகட்டும், இவன் கையிலேயே சாகட்டும், ஹார்ட்லி கண்ணெதிரே சாகட்டும். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கோழியின் கழுத்து தொங்கியது. அது என்ன பாவம் செய்தது? தன் மேலேயே ஆத்திரம் பொங்க, அதை வெடுக்கென்று பிடுங்கினாள். கால்களை விரலிடுக்கில் பற்றி, மார்பைத் தளர விட்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்தது. ஹார்ட்லி வளையத்தை மூடியதும் படபடவென்று பறந்தே போய்விட்டது.

உமாபதி அவளை நெருங்கி வந்தான். ஹார்ட்லிக்குப் புரியக்கூடாதென்று சிரித்த முகத்தோடு தமிழில் சொன்னான்: "நல்லவேளை, காப்பாத்திட்டே வசு. பழசெல்லாம் இப்ப கிளறாதே. நாம தமிழாளுங்க, நமக்குள்ள என்ன?"

"நான் காப்பாத்தினது கோழியை. உங்களை இல்ல."

பிறகு ஹார்ட்லி பக்கம் திரும்பி, போன வருஷத்துக் கோழி யார் கையில் எப்படிச் செத்தது என்று நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹார்ட்லி உமாபதியின் கைகளைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் மார்பு இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.