மூன்று சதுர அடி

தக்காளி கிலோ எண்பது. கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டால், தனியாகப் பத்து ரூபாய் என்கிறார் கடைக்காரர். அயனம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிய நாளிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் விலைதான் கண்ணில் படுகிறது. எரிச்சலும் கூடவே வருகிறது. கார் நிறுத்தும் இடத்துக்கே தனியாக மூன்று லட்சம் அழுதிருக்கிறோம்.

அந்த இடத்தில்தான் தொல்லை. காரைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போதெல்லாம் சென்சார் கத்தும். இறங்கிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். சர்வீஸில் ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு, ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் டயர் ஓரம் பொரி, மல்லிகைப்பூ, சின்னஞ்சிறு கண்ணாடி வளையல்கள். எவனோ செய்வினை வைக்கிறான் என்று பயந்துபோனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கையும் களவுமாகப் பிடித்தேன். தோளில் துண்டு போட்ட ஒரு கிழவர் தூணுக்குப் பக்கத்தில் பொரி தூவிக்கொண்டிருந்தார்.

“யாருங்க நீங்க? போலீசைக் கூப்பிடவா?”

அவர் ஓடவில்லை. “கோவிந்தராஜ்மா. இது என் நெலம். எம்பொண்ணு சொர்ணம் இங்கதான் கீறா.”

மூன்று வயதில் காய்ச்சலில் போன குழந்தை. வயலிலேயே புதைத்து, குடும்ப வழக்கப்படி கன்னி தெய்வமாகக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். பிறகு மனைவியின் வைத்தியத்துக்காக அரை ஏக்கரையும் இருபத்தைந்தாயிரத்துக்கு விற்றிருக்கிறார்.

“எப்ப காசு வந்தாலும் இதே வெலைக்குத் திருப்பித் தரேன்னு வெத்தல மேல கை வெச்சு சொன்னாருமா, வாங்குனவரு. அவுரு போய்ட்டாரு. சொன்ன சொல்லு போவுமா?”

மடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தார். முதியோர் பென்ஷன் பணத்தில் வருஷக்கணக்காக மிச்சம் பிடித்த அதே இருபத்தைந்தாயிரம்.

“ஒடம்புக்கு முடியலமா. நான் போறதுக்குள்ள எம்பொண்ணு எடத்த வாங்கிடணும்.”

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்?

“ஐயா, இங்க இப்ப சதுர அடி எட்டாயிரத்துக்கு மேல. இந்தக் காசுக்கு மூணு சதுர அடிதான் வரும்.”

உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து தரையைச் சாண் சாணாக அளந்தார். காரின் பின் சக்கரத்தில் இடித்துக் கை நின்றது.

“மூணு அடி நீளம், ஒரு அடி அகலம். போதும்மா. கொழந்த அவ்ளோதான் இருந்தா.”

எத்தனை நாள் அங்கே காரை ஏற்றி நிறுத்தியிருக்கிறேன்! பணம் வேண்டாம் என்று கெஞ்சினேன். சும்மா வாங்கினால் நிலம் தங்காது என்று பிடிவாதம் பிடித்தார். மாடிக்குப் போய் வெற்றிலை எடுத்து வந்து, அதன்மேல் பணத்தை வாங்கிக்கொண்டு, “தந்தேன்” என்றேன்.

அவர் சிமெண்டுத் தரையைத் தடவிக் கொடுத்தார். “நம்ம எடம் வந்துடுச்சு கண்ணு.”

அன்றிலிருந்து காரைத் தெருவில் நிறுத்துகிறேன். சென்சார் கத்துவதே இல்லை. ஆனால் அந்தக் காலி இடத்தைத் தாண்டும்போது, வளையல் சத்தம் கேட்கிறதோ என்று காது தானாகத் திரும்புகிறது. பணம் சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. அதை எடுத்து ஒரு கட்டு கறிவேப்பிலைகூட வாங்க எனக்குத் துணிவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை கிழவர் வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, பொரியை நானே தூவினேன்.