இரண்டாவது பள்ளம்

இப்போதெல்லாம் ஒரு கத்தி வாங்கினால் அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க இன்னொரு கத்தி வேண்டியிருக்கிறது. கடைக்காரன் பொருளைக் கையில் கொடுப்பதில்லை, போனில் படத்தைக் காட்டுகிறான். வாங்குகிறவனும் தட்டிப் பார்ப்பதில்லை, தடவிப் பார்ப்பதில்லை. நாலு பேர் நல்லது என்று எழுதியிருக்கிறார்களாம், அது போதுமாம். அந்த நாலு பேர் யார் என்று எவனாவது கேட்டானா? நாற்பது வருஷம் லேத் பட்டறையில் நின்ற கிழவர், தான் அளந்து பார்த்ததைத் தவிர எதையும் நம்பமாட்டார். அளந்த பிறகும் அளவுகோலைச் சந்தேகப்படுவார்.

அதனால்தான் பழைய சாமான் கடைக்கு வந்திருந்தார். மனைவியிடம், "ஒரு கத்தி வேணும், பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். இருபத்திரண்டு வருஷமாக, மாதம் ஒரு தடவையாவது இதையே சொல்லிக் கிளம்புகிறார். ஒரு கத்தியும் வாங்கி வந்ததில்லை. அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

கடைக்காரி ஐம்பதைத் தாண்டியவள். நெற்றிக்கு மேல் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு கடிகாரத்தைக் குடைந்துகொண்டிருந்தாள். மேஜைத் தட்டில் ஏழெட்டு மடக்குக்கத்திகள். மூன்றாவதாக எடுத்ததை அவர் கீழே வைக்கவில்லை. பழுத்துப்போன எலும்புப் பிடி, ஓரத்தில் பித்தளைத் தகடு.

"என்ன பெரியவரே, கத்தி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? இந்தப் புரட்டு புரட்டறீங்க."

"பாக்காம வாங்கறவன் வேற கடைக்குப் போவான்."

"நல்லாப் பாருங்க. அறுபது வருஷத்துப் பழசு. சேத்து வெக்கறவங்க கண்ணுல பட்டா கொத்திட்டுப் போயிருப்பாங்க. ஒரே ஒரு குறை, மறைக்கமாட்டேன். நகம் மாட்டி இழுக்க ஒரு பக்கம் பள்ளம் இருக்கும்ல, எந்த மடையனோ மறுபக்கமும் ஒண்ணு அராவி வெச்சிருக்கான். அதுவும் கோணலா."

அந்த மடையனைக் கிழவருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் பையனுக்கு அப்போது ஒன்பது வயது. எதற்கும் இடக்கைதான் முன்னால் வரும். அதட்டிப் பார்த்தார், அடித்தும் பார்த்தார், மாறவில்லை. வலக்கைக்காரனுக்குச் செய்த கத்தியைத் தலைகீழாகப் பிடித்து மல்லுக்கட்டி விரலைக் கிழித்துக்கொண்டான். மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் கத்தியை வைஸ் இடுக்கியில் இறுக்கி, மறுபக்கம் ஒரு பள்ளம் அராவினார். அவசரத்தில் அரம் சறுக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தார். அன்று சாயங்காலம் வீட்டிலிருந்த பென்சில்கள் அத்தனையும் சீவிக் கிடந்தன.

பத்தொன்பது வயதில் அவனும் அதே பட்டறைக்கு வேலைக்கு வந்தான். ஒரு நாள் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரைக் காணவில்லை. "இவன் பையைப் பாருங்க" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னது அவர்தான். பையில் இல்லை. அப்போதும் அவர் நம்பவில்லை. அன்று மாலை அவன் அலமாரியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டான்.

"எடுக்காததுக்குத் திருடன்னு பேர் வாங்கியாச்சு. இதையாவது எடுத்துட்டுப் போறேன்ப்பா."

அப்படிப் போனவன் இருபத்திரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. அவன் போய் மூன்று மாதம் கழித்து மைக்ரோமீட்டர் அவருடைய பெட்டியின் அடியிலேயே, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது. அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

"இறுக்கமா இருக்கும்மா" என்றார் இப்போது. குரல் சரியாகத்தான் வந்தது.

"கொடுங்க." அவள் மடிப்பில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். திறந்தாள், மூடினாள், திறந்தாள். கறுப்பாக அழுக்கு கசிந்தது. துடைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். "இறுக்கம் இல்ல. அலகு ஒரு பக்கமா சாஞ்சு பித்தளையில உரசுது. வெச்சிருந்தவரு இடக்கைக்காரரு. தினமும் அந்தக் கோணப் பள்ளத்துல நகத்தை மாட்டி இழுத்திருக்காரு. ஒரு நாள் ரெண்டு நாள்ல வர்ற சாய்வு இல்ல இது. இருபது வருஷமாவது ஆகியிருக்கும்."

"யார் கொண்டாந்தது?"

"ஒரு வீட்டுக்காரர். அவர் மாடி ரூம்ல வாடகைக்கு இருந்தவராம். போன மாசம் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வயசுகூட இல்ல, நாப்பது இருக்குமாம். சொந்தம்னு யாருமில்லன்னு சொல்லியிருந்தாராம், பாவம்." சொல்லிக்கொண்டே சின்னச் சுத்தியலை எடுத்தாள். "இருங்க, ஒரே தட்டுல நேராக்கிடறேன்."

கிழவரின் கை கத்தியின் மேல் விழுந்தது.

"தட்டாதே."

"உரசுதே?"

"உரசட்டும்."

அவள் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"ஐயா, அவரை உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்காரர் நம்பர் இருக்கு. துணிமணியெல்லாம் இன்னும் அங்கதான் கிடக்காம். எழுதித் தரட்டுமா?"

"எனக்கு யாரைத் தெரியும்? விக்கறவங்களுக்கு ஆளுக்கொரு கதை. இடக்கைக்காரன் உலகத்துல ஒருத்தன்தானா? அரம் பிடிச்ச எவனும் பள்ளம் போடலாம்."

ஆனாலும் அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதி மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினாள். அவர் பணத்தை வைத்தார், கத்தியை எடுத்துக்கொண்டார். காகிதம் அங்கேயே கிடந்தது.

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. யாருமில்லை என்றானாமே! அவர் பையன் அப்படிச் சொல்லமாட்டான். அப்பன் செத்தான் என்று வேண்டுமானால் சொல்லியிருப்பான், அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் பெற்றவள் இருக்கிறாளே, அவளை எப்படி இல்லை என்பான்? ஆகவே இது வேறு எவனோ. அளந்தாயிற்று, அளவு சேரவில்லை, அவ்வளவுதான்.

பின்னால் கடைக்காரி வாசலுக்கு வந்து, "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கத்தியோடு உள்ளே போனால் மனைவி இன்றைக்குக் கேட்டுவிடுவாள். பஸ்ஸைப் போகவிட்டுவிட்டு நடந்தார். "ஊர்ல எத்தனையோ இடக்கைக்காரன்" என்று எதிரே வந்தவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நடந்தார். சட்டைப் பையில் இடக்கை, பழக்கமில்லாத கட்டைவிரலால், கோணல் பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுத்தது. கத்தி பித்தளையில் உரசிப் பாதி திறந்தது, மூடிக்கொண்டது, மறுபடி திறந்தது.