தேதி மாற்றிய டப்பாக்கள்

எங்கள் கடைக்கு வந்து கரடிக்கு மணி கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதுகுப் பையில் சின்ன மணியைத் தொங்கவிட்டுக் கிணிகிணியென்று நடந்தால் கரடி தானாக விலகிப் போய்விடுமாம். "பூனைக்கு மணி கட்டவே இன்னும் ஆள் கிடைக்கல, நீங்க கரடிக்குக் கட்டப் போறீங்களா?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, "அப்ப வேற என்னதான் வாங்கறது?" என்பார்கள். என் வேலை அங்கேதான் ஆரம்பிக்கும்.

மலைப்பாதை தொடங்கும் ஊரில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் கடை. கூடாரம், கயிறு, பூட்ஸ், கேஸ் அடுப்பு, மழைக்கோட்டு. சரக்கெடுப்பது அண்ணன். முன்னால் நின்று விற்பது நான். எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். அந்த வாயை நம்பித்தான் பதினான்கு வருஷமாகக் கடை நடக்கிறது.

துப்பாக்கி கேட்டு வருகிறவர்களும் உண்டு. அதை நாங்கள் விற்பதில்லை. ஆனாலும் விட மாட்டேன். "குதிரை வேகத்துல ஓடி வரும், சார். உங்க கை நடுங்கும். குண்டு மரத்துல படும், கரடி உங்க மேல படும்" என்பேன். பட்டாசு கொளுத்திப் போடலாமா என்று கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளையை, காட்டைக் கொளுத்தப் போறியா என்று விரட்டியே விட்டேன். கடைசியில் எல்லாரையும் கொண்டுபோய் நிறுத்துவது ஸ்பிரே டப்பா முன்னால்தான். உள்ளே மிளகாய்க் காரமும் அதைத் தள்ளுகிற கேஸும் இருக்கும். கரடி முப்பதடிக்குள் வந்ததும் பூட்டை எடுத்து அமுக்கினால் முப்பது அடி தூரத்துக்கு மேகம் போல அடிக்கும். கரடிக்குக் கண்ணும் மூக்கும் எரிந்து திரும்பி ஓடும். டப்பாவை இடுப்பில் மாட்ட வேண்டும், பைக்குள் வைக்கக் கூடாது. "கொஞ்சம் இரு, பையில இருந்து எடுத்துக்கறேன்னு சொன்னா கரடி காத்திருக்குமா?"

இவ்வளவும் சொல்லியும் தயங்கி நிற்பவர்களிடம் கடைசியாக ஒன்று சொல்வேன். "என் பொண்ணும் இந்த மலையில ஏறுறவதான். அவ இடுப்புல தொங்குறதும் இதே டப்பாதான்." அதற்கப்புறம் யாரும் பேசியதில்லை. வாங்கிக்கொண்டு போவார்கள்.

அது பொய்யில்லை. என் மகள் காட்டுச் செடிகளைப் பற்றிப் படிக்கிறாள். இந்த விவகாரம் வெடித்த வாரம், வியாழக்கிழமை கூடப் படிக்கும் மூன்று பெண்களோடு மேலே இருக்கும் வனத்துறைக் குடிலுக்குக் கிளம்பினாள். நான்கு நாள் வேலை. கரடி குட்டி போட்டிருக்கிற பகுதி, ஜாக்கிரதை என்று குடிலில் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். ஒரு வாரத்துக்கு முன்னால் நான்கு பேரும் கடைக்கு வந்தார்கள். நான்கு டப்பாக்களையும் அலமாரியிலிருந்து என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அதில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி, வாயாடி, "ஆன்ட்டி, கரடி ஓடலன்னா திருப்பி எடுத்துப்பீங்களா?" என்றாள். "ஓடலன்னா நீ எங்கடி வந்து திருப்பிக் குடுப்பே?" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சனிக்கிழமை காலையில் எங்கள் கடையின் பின்பக்கம் பயிற்சி நடக்கும். ஸ்பிரே வாங்கியவர்கள் வருவார்கள். கரடி படம் வரைந்த ஒரு பலகையை நிறுத்தி வைத்திருப்பேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்து, ஆளுக்கு ஒரு தடவை அடிக்கச் சொல்வேன். அதற்குப் புது டப்பாவை வீணாக்க முடியாது. தேதி முடிந்தவற்றைச் சிவப்புப் பெட்டியில் தனியாகப் போட்டு வைத்திருப்போம். தேதி முடிந்த டப்பாவில் கேஸ் கசிந்துபோயிருக்கும். காரம் உள்ளேயே கிடக்கும், தள்ள ஆள் இருக்காது. ஆறேழு அடி போகும், அவ்வளவுதான். கை பழக அது போதும்.

அந்தச் சனிக்கிழமை சிவப்புப் பெட்டி காலியாக இருந்தது. போன மாதமும் பாதிதான் இருந்தது. அப்போது அண்ணனைக் கேட்டதற்கு, "ரொம்பப் பழசு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். பின்பக்கம் ஆறு பேர் காத்திருந்தார்கள். சரி, ஒன்று போனால் போகட்டும் என்று அலமாரியிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். "பாருங்க, இது புத்தம் புதுசு. எப்படிப் பாயுதுன்னு பாருங்க" என்று பெருமையாகச் சொல்லி அமுக்கினேன்.

உஸ் என்று ஒரு சத்தம். ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. என் பூட்ஸுக்கு முன்னால் சொட்டியது. பலகையில் இருந்த கரடி அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

யாரோ ஒருவர் சிரித்தார்.

இன்னொன்றை எடுத்து வந்தேன். அதுவும் அப்படித்தான். மூன்றாவது நன்றாகப் பாய்ந்தது. ஆறு பேரிடமும் டப்பாக்களை வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னைக்கு யாரும் மலைக்குப் போகாதீங்க" என்று அனுப்பினேன். உள்ளே போய் அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் பொட்டலம் எடை போடும் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். முக்கால்வாசி இலேசாக இருந்தன. இலேசான ஒன்றின் அடியில் தேதி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அதன் கீழே இன்னொரு தேதி. முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தூக்கிப் போட்டாராம்! தூக்கி என் அலமாரியில் அல்லவா போட்டிருக்கிறார்!

அண்ணன் கிடங்கில் உட்கார்ந்து கயிறு அளந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் டப்பாவை வைத்தேன்.

"இது என்னண்ணா?"

பார்த்தார். கையில் இருந்த கயிறு நிற்கவில்லை. "ஸ்பிரே."

"தேதி யாரு மாத்தினது?"

"கத்தாத. கடையில ஆள் இருக்காங்க."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல. சொல்லு, யாரு மாத்தினது?"

"தெரியாம நெறைய எடுத்துட்டேன். அத்தனையும் வீணாப் போகணுமா? இங்க பாரு, இத்தனை வருஷத்துல எத்தனை பேரு இந்த டப்பாவை அமுக்கியிருக்காங்க? எல்லாம் இடுப்புல மாட்டிட்டுப் போவான், போட்டோ எடுப்பான், இறங்கி வருவான். கரடியே மனுஷனைப் பார்த்தா ஓடுது. ஒரு தைரியத்துக்குத்தான் வாங்கறான். தைரியத்துக்கு ஏது தேதி?"

பேச்சைப் பாருங்கள்! எனக்குத்தான் வாய் அதிகம் என்று சொல்கிறார்களே, இந்த ஊர்க்காரர்களை என்ன சொல்வது!

"என் பொண்ணு மேல இருக்கா" என்றேன். "உன் மருமக. நீ தூக்கி வளத்த பொண்ணு. குட்டி போட்ட கரடி திரியுற இடத்துல இந்தக் காலி டப்பாவோட நிக்கிறா."

அப்போதுதான் கயிறு நின்றது. "அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

"உனக்கு எப்படித் தெரியும்? கரடிகிட்ட சொல்லி வச்சிருக்கியா?"

"ஆகாதுன்னு சொல்றேன்ல. அவளுக்கு ஒண்ணும் ஆகாது. விடு."

கூடப் பிறந்தவர் இப்படி நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பார் என்று கனவிலும் நினைத்ததில்லை. என் கணவர் போன அன்று, "இனிமே அவ என் பொண்ணு" என்று நாலு பேர் முன்னால் சொன்ன மனிதர் இவர். கனமாக இருந்த டப்பாக்களில் நான்கைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்தேன்.

மலைப்பாதையில் பாதி தூரம்தான் வண்டி போகும். அங்கே வனத்துறைச் சோதனைச்சாவடி. ஒரே அறை. ஒரு மேசை, ஒரு வயர்லெஸ் கருவி, சுவரில் பாதையின் வரைபடம். காவலுக்கு இருந்தவர் அடிக்கடி எங்கள் கடையில் பூட்ஸுக்கு லேஸ் வாங்குகிறவர். மேலே போன் எடுக்காது. குடிலில் இன்னொரு வயர்லெஸ் இருக்கிறது. பெண்கள் காலையிலேயே செடி பார்க்கக் காட்டுக்குள் போயிருப்பார்கள், சாயங்காலம் நாலு மணிக்குக் குடிலுக்குத் திரும்புவார்கள் என்றார்.

"இப்ப மணி ஒண்ணுதானே?"

"ஆமாக்கா. உக்காருங்க."

உட்கார முடியவில்லை. வரைபடத்தில் அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எந்தப் புதருக்குள் குனிந்திருப்பாள்? செடியைப் பார்த்தால் அவளுக்கு உலகமே மறந்துபோகும். பின்னால் யானை வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். "எதுக்கும் பயப்படாத, டப்பா இருக்கு" என்று நானேதான் சொல்லி அனுப்பினேன். அதை நம்பி இன்னும் இரண்டடி உள்ளே போயிருப்பாள். மணியே தொங்கவிட்டிருக்கலாம். மணியாவது பொய் சொல்லாது. காவலர் தண்ணீர் கொடுத்தார். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே வாங்கிக் குடித்தேன்.

மூன்றேமுக்காலுக்குக் கருவி கரகரத்தது. குடில் காவலர்தான். நான்கு பேரும் வந்துவிட்டார்கள் என்றார். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"அந்தப் பொண்ணைப் பேசச் சொல்லுங்க, அம்மா காத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு, காவலர் கருவியை என் கையில் கொடுத்தார். பேசும்போது பொத்தானை அமுக்க வேண்டும், கேட்கும்போது விட வேண்டும் என்றார்.

"பாப்பா, கேக்குதா? உன் டப்பாவை நம்பாத. அது வேலை செய்யாது. நான் புதுசு எடுத்துட்டு வந்திருக்கேன், காவலர் கொண்டு வருவாரு. அதுவரைக்கும் குடிலை விட்டு வெளிய வராதே. கேக்குதாடி?"

பொத்தானை விட்டேன். கரகரப்பு. அப்புறம் அவள் குரல், ரொம்ப நிதானமாக.

"அம்மா, பதறாதே. என்னுது நல்லதுதான்."

"இல்லடி, உனக்குத் தெரியாது. உங்க மாமா..."

"தெரியும்மா. நீ குடுத்த அன்னைக்கே மாமா என்னுதை வாங்கிட்டு வேற குடுத்தாரு. புதுசு."

பொத்தானை அமுக்க மறந்துவிட்டேன். காவலர் என்னைப் பார்த்தார். அவளே பேசினாள்.

"உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. உன்னைப் பத்தித் தெரியும்ல, நீ ரகளை பண்ணுவே, கடையை இழுத்து மூடிருவே. அப்புறம் நாம என்ன பண்றது? சரக்கு தீர்ற வரைக்கும்தான்னு சொன்னாரும்மா."

ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்குத் தெரியும். என் வயிற்றில் பிறந்தவளுக்கும் தெரியும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மகளைச் சாட்சிக்கு இழுத்து விற்றுக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் கேனச்சியாக்கி வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ராத்திரி என் பக்கத்தில்தான் படுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழுகை வந்தது. அதோடு சேர்ந்து, வெட்கமில்லாமல், அப்பாடா என்றும் இருந்தது. என் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள். அது போதும் என்று ஒரு நொடி நினைத்தேன். கடவுள் சத்தியமாக நினைத்தேன். அடுத்த நொடிதான் மற்றது உறைத்தது.

பொத்தானை அமுக்கினேன். "உன் கூட வந்தவங்களுது?"

கரகரப்பு.

"மூணு பேருக்கும் நான்தானேடி எடுத்துக் குடுத்தேன்? அவங்களுக்கும் மாத்திக் குடுத்தாரா?"

"இல்லம்மா."

"நீ சொன்னியா அவங்ககிட்ட?"

காவலர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்பவும் என் பின்னாடிதானேம்மா வராங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "என்கிட்ட ஒண்ணு நல்லதா இருந்தா போதும்னு நெனச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ஏதோ சத்தம், நாற்காலி நகர்வது போல. அப்புறம் வேறொரு குரல். அந்தச் சுருட்டை முடிக்காரி. அன்று கடையில் பேசிய துடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ.

"ஆன்ட்டி, நாங்க இங்கதான் நிக்கிறோம். எல்லாம் கேட்டுச்சு. இன்னைக்குக் காலையில ஓடைக்கு அந்தப் பக்கம் கரடியைப் பார்த்தோம். குட்டியோட. நான் டப்பாவைக் கையில எடுத்துட்டு முன்னாடி போய் நின்னேன். இவ பின்னாடி நின்னா. நீங்க சொன்ன மாதிரியே, கிட்ட வரட்டும்னு நின்னேன். அது என்னவோ திரும்பிப் போயிடுச்சு." மூச்சு வாங்கினாள். "என்கிட்ட இருந்தது வேலை செய்யுமா, செய்யாதா?"

பொத்தானை அமுக்கினேன்.

"செய்யாதும்மா" என்றேன். "பழசு. நான்தான் வித்தேன்."

யாரோ அழுகிற சத்தம் கேட்டது. யார் என்று தெரியவில்லை. அப்புறம், "அம்மா" என்று என் மகள் கூப்பிட்டாள். "அம்மா, லைன்ல இருக்கியா?"

நான் கருவியைக் காவலரிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்த நான்கு டப்பாக்களில் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன்.