ஜிப் போட்டாச்சு

சுன்னேவா முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நீர் உள்ளே புகாத உலர் உடையின் ஜிப் முதுகின் குறுக்கே ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு ஓடும். தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. சில்ஃப்ரா என்ற நீர் நிறைந்த பாறைப் பிளவில் மூழ்க இறங்குகிறவருக்கு இன்னொருவர்தான் இழுத்து மூடி, விரலால் தடவிப் பார்த்து, தோளில் இரண்டு முறை தட்டுவார். தட்டிவிட்டால் மூடியாயிற்று. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

"இழுடா, தூங்குமூஞ்சி. அந்த டேனிஷ்காரங்க ரெண்டு பேரும் விறைச்சுப்போய் நிக்கிறாங்க."

"இரு அக்கா, தின்னுட்டிருக்கேன்ல."

"அது என் கிளைனாடா! பாதியாச்சும் மிச்சம் வை. வந்து தின்னணும்."

ஒரு கையில் அவளுடைய கிளைனா, எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டி. மறு கையால் இழுத்தேன். தடவிப் பார்க்கவில்லை. இரண்டு முறை தட்டினேன்.

"போட்டாச்சு, கெளம்பு."

என் உடையின் கழுத்து ரப்பர் காலையில்தான் கிழிந்திருந்தது. அதனால் நான் கரையில். மூவரும் இரும்புப் படியில் இறங்கினார்கள். வழிகாட்டி எப்போதும் முன்னால்; அக்காவின் காலில் கறுப்புத் துடுப்பு. விருந்தினர் பின்னால், மஞ்சள் துடுப்பு.

இந்த நீரில் பதினைந்து மீட்டர் ஆழத்துக் கூழாங்கல்லை எண்ணலாம். அதைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. நான் பார்த்தது அவள் இடது தோளில் ஜிப் முடியும் இடத்திலிருந்து நூல்போல் மேலேறிய குமிழிகளை. மூச்சுக் குமிழி வாயிலிருந்து வரும்.

நீரின் குளிர் இரண்டு டிகிரி. கத்தினேன். கீழே கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். ஸ்பானரை எடுத்து இரும்புப் படியில் அடித்தேன். அது கேட்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று நீருக்குள் தெரியாது. மூவரும் நின்றார்கள். முன்னால் பார்த்தார்கள், பின்னால் பார்த்தார்கள். மேலே பார்க்கவில்லை. அக்கா இரண்டு விரலை வளையமாக்கி, ஒன்றுமில்லை என்று அவர்களுக்குக் காட்டினாள். குளிர் உள்ளே இறங்கியது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நீரோட்டம் ஒரே திசையில்தான் போகும். ஏறும் படி மறுமுனையில். விருந்தினரை விட்டுவிட்டு அவள் வர மாட்டாள். அவள் கால்கள் கனத்து மெதுவாக அடித்தன. பிறகு பாறை வளைவு மறைத்துவிட்டது.

மீட்புக் குழுவுக்குப் போன் செய்தேன். "நாப்பது நிமிஷத்துல வந்துருவோம்பா" என்றார்கள். முழுப் பயணமே முப்பத்தைந்து நிமிடம்தான்.

ஓடிப் போய் மறுமுனைப் படியில் குந்தினேன். கிளைனா இன்னும் கையில் இருந்தது. அடியில் பச்சைப் பாசி ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து வளைவின் ஓரத்தில் குமிழிகள் வெடித்தன. எழுந்து நின்றேன்.

முதலில் தெரிந்தது மஞ்சள் துடுப்பு.