பன்னிரண்டாவது கட்டம்

...தண்ணீருக்கும் அதே சொல், வெந்நீருக்கும் அதே சொல், இதைப் போய் எந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்று பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தாள். மடியில் ஒரு அட்டை, அட்டையில் செருகிய தாள், தாளில் பன்னிரண்டு கட்டங்கள். 'நோயாளி பேசும் சொற்களும் அவற்றின் பொருளும்' என்று மேலே அச்சடித்திருந்தது. சொற்களாம், பன்மையில்! அவரிடம் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, ரைட், ஐந்து மாதமாக அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடக்கிறது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் கண்டக்டர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார், பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று வருடமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான், அவள் டெய்லரம்மா. பேச்சுப் பயிற்சி தரும் பெண் உள்ளே இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கதவுக்குப் பின்னால் யாரோ 'ஆ... ஆ...' என்று இழுப்பது கேட்டது. அந்த ஆள் வெளியே வருவதற்குள் கட்டங்களை நிரப்பியாக வேண்டும். பள்ளிச் சீருடை என்றால் ஒரு நாளில் பத்து தைத்துத் தள்ளிவிடுவாள், எழுத்து என்றால்தான் கை வராது.

சரி, ஒன்று: டீ. வெட்டினாற்போல் ஒரு ரைட். இரண்டு: பாத்ரூம், அது 'ரை...ட்' என்று நீளும், நீளம் கூடக் கூட அவசரம் கூடும். மூன்று: தலையணையைத் தள்ளி வை. நான்கு: அந்த டிவியை நிறுத்தித் தொலை, இது 'ரைட் ரைட்' என்று இரட்டையாக வரும். ஐந்து: வலி. அது சத்தமே இல்லாமல் உதட்டில் மட்டும் வரும், அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது, அந்த ஒரு மாதம் மனுஷன் என்ன பாடு பட்டாரோ... இப்படியே பதினொன்று வந்துவிட்டது. வேறு யாருக்கும் இது புரியாது. மகள் போனில் ஒரு ரைட்டைக் கேட்டுவிட்டு, "அம்மா, அப்பா சரின்னு சொல்றார்மா" என்று அழுதாள், பாவம், அவர் கேட்டது தலையணையை.

வேறு ஒரு சொல் தங்கியிருக்கக் கூடாதா? பக்கவாதம் வந்து விழுந்தவர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் திறந்தபோது எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், அவள் தலைமாட்டில் குனிந்து நின்றாள், வாய் அசைந்தது, முதல் சொல் வந்தது, ரைட். நர்ஸ் கை தட்டினாள். இவள் வராந்தாவுக்குப் போய் அழுதாள், பாதி சந்தோஷம், பாதி கோபம். முப்பத்து நாலு வருஷம் ஆக்கிப் போட்டவள் பெயர் நாக்கில் நிற்கவில்லை, விசில் அடித்துக் கத்தின சொல் நின்றுவிட்டது. ஆனால் அவர் எப்போது அவள் பெயரைச் சொன்னார்? 'இந்தா' என்பார், 'இவளே' என்பார், அதற்கும் மேல் போனால் 'எங்க போய்ட்ட', அதுதான் தன் பெயரோ என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்ததுண்டு. சொல்லாத பெயர் எப்படித் தங்கும்? பயிற்சிப் பெண்ணும் அதையேதான் முதல் நாள் சொன்னாள், யோசித்துப் பேசுகிற பேச்சு மூளையில் ஒரு இடமாம், யோசிக்காமல் வாயில் வருகிற பேச்சு வேறு இடமாம், லட்சம் தடவை சொன்ன சொல் இரண்டாவது இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்குமாம். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், ஒரு நாளைக்கு இருநூறு நிறுத்தம், முப்பத்தோரு வருஷம்... லட்சம் எல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று.

அந்தப் பெண்ணுக்குச் சொல் என்றால் தனி ஆசை, ரைட் என்றால் ஆதியில் 'நேர்' என்றுதான் அர்த்தமாம், கோடு போட்ட மாதிரி நேர். நேராக இருப்பது சரி என்று ஆயிற்றாம், அப்புறம் முக்கால்வாசிப் பேர் வேலை செய்கிற கையை அதுதான் சரியான கை என்று வைத்து வலது ஆயிற்றாம், ஒருத்தருக்கு நியாயமாகச் சேர வேண்டியது உரிமை ஆயிற்றாம். நாலு அர்த்தம்! இவளிடம் பதினொன்று இருக்கிறது. வலது கை மடியில் கிடக்கிறது, வலது கால் இழுக்கிறது, நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கம் சாய்கிறார், ஆங்கிலக்காரன் கொடுத்த அர்த்தமெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுப் போய்விட்டது, சத்தம் மட்டும் இருக்கிறது. அவள் கை நீட்டி அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அவர் திரும்பவில்லை.

திரும்பிப் பார்ப்பதெல்லாம் வண்டியில்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் தெரியாமல் அவர் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள், மனுஷன் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை, யாரோ ஒரு பொம்பளை மாதிரி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் இறங்கினபோது, அவள் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் ஏறும் வரைக்கும் ரைட் கொடுக்கவில்லை, டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், கொடுக்கவில்லை. புதுக் கண்டக்டர்களைத் திட்டும்போதும் இதையே சொல்வார், "ஏறுறவங்க ஏறியாச்சா, எறங்குனவங்க கால ஊனியாச்சா, திரும்பிப் பாக்காம ரைட் குடுக்கறவன்லாம் ஒரு கண்டக்டரா?" அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாரா? வீடு மாற்றினார், மகளுக்கு மாப்பிள்ளை முடித்தார், எல்லாம் அவரே ரைட் கொடுத்துவிட்டு வந்து சொன்னதுதான், அவள்தான் ஓடி ஓடி ஏறிக்கொண்டாள். நாத்தனார் குடும்பத்தோடு கடலுக்குப் போகக் கூப்பிட்டபோது, "அவளுக்குக் கடல்னாலே ஆகாது" என்றார். அவள் அதுவரைக்கும் கடலைப் பார்த்ததே இல்லை. ஆகுமா ஆகாதா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

இப்போது அவருக்காகப் பேசுவது அவள் முறை. முதல் இரண்டு மாதம் சத்தியமாக உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். அப்புறம் ஒருநாள், "நியூஸ் போதுமாம்" என்று சொல்லித் தன் சீரியலுக்கு மாற்றினாள், அவரும் சும்மா இருந்தார். அப்புறம் அவருடைய அண்ணன் வந்து மணிக்கணக்காக உட்கார்ந்தபோது, "தூக்கம் வருதாம்". அண்ணன் எழுந்து போய்விட்டார். எத்தனை சுலபம்! அவர் வாயில் எதை வைத்தாலும் நிற்கும், மறுத்துப் பேச அவரிடம் சொல் இல்லை. போன வாரம் மகள் கூப்பிட்டாள், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தினமும் பயிற்சி கொடுக்கிற இடம் இருக்கிறதாம், மாடி அறை காலியாக இருக்கிறதாம், "ரெண்டு பேரும் வந்துடுங்கம்மா, சென்டர்ல ஒரே ஒரு இடம்தான் இருக்கு, ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லணும்." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் ரைட் என்றார். அந்த ரைட் பதினொன்றில் எதுவும் இல்லை, அவளுக்கு நன்றாகவே தெரியும். "வரமாட்டாராம்டி, இந்த வீட்ட விட்டு அசையமாட்டாராம்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் சொன்னாள்? தையல் மெஷினுக்காகவா? மகள் வீட்டில் ஒரு டம்ளர் எடுக்கவும் கேட்க வேண்டுமே என்றா? இங்கே இருந்தால் அந்தப் பதினொன்றும் அவள் ஒருத்தியிடமே இருக்கும் என்றா... சீ, அப்படியும் இருக்குமா? நாளை மறுநாள் ஞாயிறு. அங்கே போனால் அவருக்கு இன்னும் பத்து சொல்லாவது வந்துவிடுமோ என்னவோ.

கதவு திறந்தது, நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கட்டங்களில் பதினொன்று நிரம்பியிருந்தது. பயிற்சிப் பெண் தாளை வாங்கிப் படித்து, "அடேயப்பா, இதையெல்லாம் நீங்களா கண்டுபிடிச்சீங்க?" என்று வியந்தாள், அட்டையைத் திரும்பக் கொடுத்தாள், பிறகு மேஜைமேல் இரண்டு சீட்டுகளை வைத்தாள், ஒன்றில் பச்சையில் ஆமாம் என்கிற டிக் குறி, இன்னொன்றில் சிவப்பில் இல்லை என்கிற பெருக்கல் குறி. "இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம்மா, அவரே தொட்டுக் காட்டிடுவார்." இவள் அட்டையை மடியோடு அழுத்திக்கொண்டாள். "இது பேனாவா?" என்று அந்தப் பெண் ஒரு பேனாவைக் காட்டிக் கேட்டாள். இடது கை போய்ப் பச்சையைத் தொட்டது. "நான் ஆம்பளையா?" என்று கேட்டாள், கை சிவப்பைத் தட்டியது, கண்டக்டர் சிரித்தே விட்டார், ஐந்து மாதத்துக்குப் பிறகு வருகிற சிரிப்பு. இந்த மனுஷன் வாயில் போய்ப் பொய்யை வைத்தோமே என்று இவளுக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. "நீங்க ஏதாவது கேளுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். டீ வேணுமா என்று கேட்டுவிட்டுப் போகலாம், யார் கண்டது, யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. டீ என்று வாய் எடுத்தவள், "மக வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டாள்.

அவர் சீட்டுகளைப் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்து பச்சைக்கு மேலே நின்றது, சிவப்புக்கு மேலே நின்றது, எதில் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கை எதன்மேலும் விழவில்லை. இரண்டு சீட்டையும் சேர்த்துப் பிடித்து மேஜைமேல் மெதுவாக நகர்த்தி, நகர்த்தி, அவள் பக்கம் கொண்டுவந்து வைத்தது. "இல்லப்பா, நீங்கதான் தொடணும்" என்று பயிற்சிப் பெண் எடுத்துத் திரும்ப வைத்தாள். அவர் மறுபடி தள்ளினார். பிறகு கழுத்தை முழுக்கத் திருப்பினார், வலி தெரிந்தது, விடவில்லை, பின்படிக்கட்டில் கடைசி ஆள் ஏறியாச்சா என்று பார்ப்பதுபோல் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ரைட்?" கடைசியில் குரல் மேலே ஏறி நின்றது. அந்த ரைட் அன்றைக்குப் போனில் வந்த அதே ரைட். அப்படியானால் அன்றைக்கும் அவர் மகளுக்குப் பதில் சொல்லவில்லையா, அவளைத்தான் கேட்டாரா? மடியில் பன்னிரண்டாவது கட்டம் காலியாகக் கிடந்தது. "எனக்கு..." என்று ஆரம்பித்தாள், எனக்கு, எனக்கு, அதற்கு மேல் வரவில்லை, அந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன வரும் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் யோசித்து வைக்கவில்லை, அவர் ரைட் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.